தொண்டைக்குள் ஒரு ஹாக்கி மட்டை

இந்தக் கருவி எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வந்த புதிதில் எழுதியிருந்தால் ஆகா ஓகோ என்று எழுதியிருப்பேன். நாலாவது மாதம் எழுதியிருந்தால் மூட்டை கட்டி அலமாரியில் வைக்கச் சொல்லியிருப்பேன். இப்போது இரண்டு வேகமும் அடங்கிவிட்டது. அதனால் எழுதலாம்.

கருவி என்றதும் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். வயிற்றில் ஜெல் தடவிக் குழந்தையைப் பார்ப்பார்களே, அதே அல்ட்ராசவுண்ட்தான். உடம்பில் வைத்துப் படம் எடுக்கும் புரோப் மட்டும் வேறு. விரல் பருமனில் கைப்பிடி, நுனி மட்டும் மடங்கி ஹாக்கி மட்டை மாதிரி இருக்கும். பெயரே ஹாக்கி ஸ்டிக் புரோப்தான். படம் எடுக்கும் முகம் இரண்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதிர்வெண் 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த வகைப் புரோப்பைப் பல கம்பெனிகள் செய்கின்றன. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி யாருடைய புரோப்புக்கும் பொருந்தும் என்பதால் கம்பெனி பெயர் வேண்டாம். மீதிப் பாதி என் கையின் குறை.

நான் தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவை செய்கிறவன். அதிலும் டான்சில், நாக்கின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வரும் கட்டிகள்தான் அதிகம். முன்பெல்லாம் அங்கே போய்ச் சேர, கீழ் உதட்டைப் பிளந்து, தாடை எலும்பை ரம்பத்தால் அறுத்துத் திறக்க வேண்டும். முடிந்ததும் தகடு வைத்துத் திருகி மூட வேண்டும். நோயாளிக்கு அது கொடுமை. மருத்துவருக்கு அதில் ஒரே ஒரு வசதி இருந்தது: கட்டி கைக்குள் கிடைக்கும். இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து உருட்டினால், கல் போல இருக்கும் இடம் எங்கே முடிகிறது, மெத்தென்ற இடம் எங்கே தொடங்குகிறது என்று விரலே சொல்லிவிடும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஓமாலியும் வைன்ஸ்டீனும் வாய் வழியாகவே ரோபோவை உள்ளே செலுத்தி அறுவை செய்யும் முறையை வளர்த்தெடுத்தார்கள். 2009 டிசம்பரில், மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ, டாவின்சி ரோபோவை இந்த வேலைக்கு அனுமதித்தது. சிறிய கட்டிகளுக்குத் தாடையை அறுக்கும் தேவை அதன்பின் வெகுவாகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் என் விரல் போய்விட்டது. நான் ரோபோவை இயக்கும் கன்சோலில் உட்கார்ந்திருக்கிறேன். நோயாளி சில அடி தள்ளிப் படுத்திருக்கிறார். நான் பழகிய ரோபோவின் கைகளுக்குத் தொடு உணர்வு கிடையாது. கண்ணால் பார்ப்பது மட்டும்தான். படம் பெரிதாக, முப்பரிமாணத்தில், எச்சில் நூல் கூடத் துல்லியமாகத் தெரியும். ஆனால் தெரிவதெல்லாம் மேல்பரப்பு.

வில்லங்கமோ அடிப்பக்கத்தில் இருக்கிறது. கட்டியை எடுக்கும்போது அதைச் சுற்றி நல்ல திசுவும் ஒரு வரம்பு போலச் சேர்ந்து வர வேண்டும். வாய்ப் புற்றுநோயில் 5 மில்லிமீட்டர் என்பது பழகிப்போன கணக்கு. ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போனால் விளிம்பில் நோய் இருப்பதாகவே பலர் எடுத்துக்கொள்வார்கள். பக்கவாட்டு ஓரங்களைப் பார்த்து அளந்து வெட்டிவிடலாம். ஆழத்தை எதை வைத்து அளப்பது? எம்ஆர்ஐ இருக்கிறதே என்பீர்கள். அது சில நாள் முன்பு, வாயை மூடி அமைதியாகப் படுத்திருந்தபோது எடுத்த படம். இப்போது வாயை இரும்புச் சட்டத்தால் அகலத் திறந்து, நாக்கில் தையல் போட்டு முன்னால் இழுத்து வைத்திருக்கிறோம். அந்தப் படத்தை நம்பி ஆழத்தைக் குறிப்பது, வீடு மாறியவரைப் பழைய விலாசத்தில் போய்த் தேடுகிற கதை.

வெட்டிய பிறகு ஃப்ரோசன் பார்ப்போம். ஓரங்களிலிருந்து சின்னத் துண்டுகளை அனுப்பினால், பேத்தாலஜியில் உறைய வைத்துச் சீவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இருபது முப்பது நிமிடத்தில் போனில் சொல்வார்கள். அருமையான முறை, அதை நான் விடப் போவதில்லை. ஆனால் பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குத்தான் சரி. அனுப்பாத இடத்தைப் பற்றி ஃப்ரோசன் வாயே திறக்காது.

இந்த இடத்தில்தான் ஹாக்கி மட்டை வருகிறது.

உறை மாட்டுவதிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் பாதித் தோல்வி அங்கேயே நடக்கிறது. மெல்லிய நீண்ட உறைக்குள் முதலில் ஜெல் விட வேண்டும், பிறகு புரோப்பை இறக்க வேண்டும், நுனியில் உறையை இழுத்து வழித்து ரப்பர் வளையம் போட வேண்டும். முதல் வாரம் அவசர அவசரமாக மாட்டிக் கொண்டுபோனேன்.

"டாக்டர், நுனியில காத்து நிக்குது பாருங்க" என்றார் சிஸ்டர்.

"கொஞ்சம்தானே சிஸ்டர், போதும்."

"போதாது டாக்டர். கழட்டிட்டுத் திரும்பப் போட்டுடலாம்."

அவர் சொன்னதுதான் சரி. திசுவிலிருந்து காற்றுக்குப் போகும் இடத்தில் ஒலி ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிடும். கடுகளவு குமிழி போதும். அதற்குக் கீழே படத்தில் ஒரு கறுப்புத் திரை தொங்கும். வாயோ காற்றாலேயே ஆன இடம். டான்சிலின் குழிகளுக்குள் காற்று, எச்சிலில் நுரை, புரோப்புக்கும் நாக்கின் வளைவுக்கும் நடுவே சந்து. வெளியேயும் ஜெல் தாராளமாக வேண்டும், அல்லது கிருமி நீக்கிய உப்புநீர். எங்கள் மயக்க மருந்து மருத்துவருக்கு இந்த ஜெல் காட்சி பிடிக்கவே பிடிக்காது. "மூச்சுக்குழாய்ப் பக்கம் ஒண்ணும் இறங்காம பாத்துக்குங்க சார்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். தொண்டையின் அடியில் ஈரத்துணி அடைத்துவிட்டுத்தான் தொடங்குவோம். கடைசியில் அந்தத் துணியை எண்ணி எடுக்க வேண்டும். இதுவும் கூடுதல் வேலைதான்.

சரி, படம் எப்படி? நாக்கின் அடிப்பகுதியில், உண்மையிலேயே அழகு. நாக்குத் தசை சீப்பு வைத்து வாரிய முடி போலத் தெரியும்: சாம்பல் நிறத்தில் பட்டை, நடுவே வெள்ளைக் கோடுகள். அந்தக் கோடுகள் எங்கே சட்டென்று அறுந்து கறுத்துப்போகின்றனவோ, அங்கே கட்டி. உள்ளே ஒலி போகும் வேகம் விநாடிக்கு 1540 மீட்டர் என்று வைத்துக்கொண்டு மெஷின் கணக்குப் போடுகிறது. ஒரு மில்லிமீட்டர் கீழே போய்த் திரும்ப 1.3 மைக்ரோவிநாடி. இவ்வளவு நுண்ணிய கணக்கிலிருந்து, கட்டியின் அடியை மில்லிமீட்டரில் அளக்க முடிகிறது. அதிர்வெண்ணைக் கூட்டினால் கோடுகள் இன்னும் கூர்மையாகும், ஆனால் ஆழம் போகாது. மேலோட்டமான கட்டிக்கு 15, புதைந்திருந்தால் 8, 10 என்று இறக்கிக்கொள்வேன்.

ரோபோ கன்சோலில் அறுவைப் படத்துக்குக் கீழேயே அல்ட்ராசவுண்ட் படத்தையும் வரவழைத்துக்கொள்ளலாம். கண்ணை எடுக்காமல் இரண்டையும் பார்க்க முடிவது பெரிய வசதி. ரோபோவின் இடுக்கியே பிடித்துக்கொள்ள முதுகில் ஒரு துடுப்பு வைத்த சின்னப் புரோப்புகளும் உண்டு. வயிற்று அறுவைக்காரர்களுக்கு அது பழக்கம். குறுகிய தொண்டைக்குள் கையால் பிடிக்கும் ஹாக்கி மட்டையே எனக்கு வசதி. தலைமாட்டில் நிற்கும் உதவி மருத்துவர் வைப்பார், நான் "இன்னும் இடப்பக்கம், கொஞ்சம் சாய்ங்க" என்று கன்சோலிலிருந்து சொல்வேன். இதற்கு இருவருக்கும் ஒரு மொழி பழக வேண்டும். என் இடமா, நோயாளியின் இடமா என்பதிலேயே முதல் மாதம் போயிற்று.

இந்தக் கருவிக்கு நான் மனதாரக் கும்பிடு போடுவது ஆழத்துக்காகக்கூட இல்லை, தமனிக்காக. நாக்குத் தமனி, நாக்கின் இரு பக்கத்திலும் தசைக்கு அடியில் மறைந்து போகும். வாய் வழி அறுவையில் எங்களுக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம் ரத்தக்கசிவு. அது அறுவை அன்றே வரும் என்பதில்லை. வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்து, புண்ணின் மேல் படிந்த பொருக்கு உரியும்போது வரலாம். வாயில் வரும் ரத்தம் மூச்சுக்குழாய்க்குப் பக்கத்து வீடு. அதனால் கழுத்தில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போதே, கழுத்தின் பெரிய தமனியான கரோட்டிடின் கிளைகளில் தேவையானதைக் கட்டிவிடும் வழக்கம் இருக்கிறது.

ஒருமுறை அடிநாக்குக் கட்டி ஒன்றில், வெட்ட வேண்டிய கோட்டை, மின்சாரத்தால் சுட்டு வெட்டும் கேட்டரியால் புள்ளி வைத்துக் குறித்துவிட்டேன். பழக்கத்துக்காக, ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரைப் போட்டுப் பார்த்தோம். நான் குறித்த தளத்திலேயே, கட்டியின் வெளி ஓரத்துக்கு நாலு மில்லிமீட்டர் அப்பால், சிவப்பும் நீலமுமாக ஒரு துடிப்பு. எம்ஆர்ஐயில் அது கட்டியிலிருந்து தள்ளித்தான் தெரிந்தது. நாக்கை இழுத்ததில் கிட்ட வந்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் கேட்டரியை ஓரமாக வைத்துவிட்டு, மெல்லப் பிரித்து, தமனியைக் கண்ணால் பார்த்து, கிளிப் போட்டு, பிறகு வெட்டினேன். தெரியாமல் போயிருந்தாலும் சமாளித்திருப்போம்தான். ஆனால் வாய் நிறைய ரத்தத்தோடு கேமராவைத் துடைத்துத் துடைத்துச் சமாளிப்பது ஒன்று, எதிர்பார்த்துக் கிளிப் போடுவது வேறு. 1842-ல் டாப்ளர் என்ற விஞ்ஞானி இதற்கு அடிப்படையான விதியைச் சொன்னது இரட்டை நட்சத்திரங்களின் நிறத்துக்காக. மனிதர் நாக்கை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

டான்சில் பக்கமும் இதே பயன் உண்டு. சிலருக்கு உட்கரோட்டிட் தமனி வளைந்து தொண்டைச் சுவருக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். அதை ஸ்கேனில் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். அப்படி நடுவில் வந்து நிற்பவர்களுக்கு இந்த அறுவையே வேண்டாம் என்று விட்டுவிடுவோம். இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பவர்களுக்குத்தான் புரோப் வைத்துத் துடிப்பை நேரில் பார்ப்பது தைரியம் தருகிறது.

இனி குறைகள். நாலாவது மாதக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கட்டியின் ஆழம் 9 மில்லிமீட்டர் என்று அளந்தோம். அதோடு 5 சேர்த்து 14-ல் வெட்டினேன். துண்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் ஏதோ புடைத்த மாதிரி இருந்தது. ஃப்ரோசனில் அந்த இடத்தில் விளிம்பு ஒரு மில்லிமீட்டர்தான். அதே அமர்வில் இன்னொரு அடுக்கு எடுத்தோம், அது சுத்தமாக வந்தது. ஆனால் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதிவு செய்திருந்த படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. படம் தெளிவாக வர வேண்டும் என்று புரோப்பை நாங்கள் அழுத்தியிருக்கிறோம். மேலே தடவிய ஜெல் படலமே படத்தில் காணோம். தசைக் கோடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. நாக்கு பஞ்சு மாதிரி. அழுத்தினால் 13 கூட 9 ஆகும். மெஷின் பொய் சொல்லவில்லை, நசுங்கிய நாக்கை நசுங்கியபடியே அளந்து தந்தது.

அதன்பின் எங்களுக்கு ஒரே விதி: மேலே ஜெல் ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரிந்தால்தான் அளவு எடுக்க வேண்டும். பட்டை இல்லையென்றால் அழுத்துகிறோம் என்று அர்த்தம். இதை வாங்கும்போது யாரும் சொல்லித்தரவில்லை. கருவியை இயக்கிக் காட்ட வந்தவருக்கு எல்லாப் பொத்தானும் தெரிந்திருந்தது, நாக்கு தெரியவில்லை.

இரண்டாவது குறை, கருவி எந்த இடத்தில் ஏமாற்றும் என்பது. அடிநாக்கின் மேல் தோலுக்குக் கீழே நிணத்திசு மெத்தை போலப் படர்ந்திருக்கும். அதுவும் கறுப்பு, கட்டியும் கறுப்பு. பக்கவாட்டில் கட்டி எங்கே முடிகிறது என்று புரோப்பைக் கேட்டால், சத்தியமாகத் தெரியாது. கீழே தசையைத் தொடும் இடத்தில் மட்டும்தான் அதன் பேச்சை நான் நம்புகிறேன். டான்சிலில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம், ஏனென்றால் டான்சில் முழுவதுமே நிணத்திசு. போதாக்குறைக்கு அதன் பின்னால் இருக்கும் தசைச்சுவர் ஓரிரு மில்லிமீட்டர்தான். அங்கே 5 மில்லிமீட்டர் விளிம்பு என்று பேசுவதற்கே இடமில்லை. தசைக் கோடு அறுபடாமல் இருக்கிறதா, அதற்கப்பால் வெள்ளையாகக் கொழுப்பு தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன்.

சமீபத்தில் பயாப்ஸி எடுத்த இடம், முன்பு கதிர்வீச்சு பட்ட இடம், இரண்டும் படத்தைக் குழப்பும். வீக்கமும் ரத்தக்கட்டும் கட்டி போலவே கறுப்பாக இருக்கும், தழும்பும் அப்படித்தான். கேட்டரி ஓட ஆரம்பித்த பிறகு இன்னும் மோசம். கருகிய பரப்பில் நுண்குமிழிகள் நிறைந்து வெள்ளை அடிக்கும். கேட்டரி மிதித்த நேரமெல்லாம் திரையில் மழை போலக் கோடுகள் விழும். ஆகவே முதல் வெட்டுக்கு முன்பே முழுதாகப் பார்த்துவிட வேண்டும். நடுவில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு இந்தக் கருவி சரிவராது.

குரல்வளைக் கட்டிக்கு உதவுமா என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். குரல் நாணில் வரும் சின்னக் கட்டிக்கு நான் இதை வைப்பதில்லை. அங்கே எல்லாம் காற்று, சுற்றிலும் குருத்தெலும்பு. வயதானவர்களுக்கு அந்தக் குருத்தெலும்பு சுண்ணாம்பேறி ஒலியை உள்ளேயே விடாது. மைக்ரோஸ்கோப்பும் லேசரும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

எதிர்பாராத ஒரு பயன், வெட்டி எடுத்த துண்டைப் பார்ப்பது. ஒரு கிண்ணத்தில் உப்புநீர் ஊற்றித் துண்டை அதில் போட்டு, மேலாக புரோப்பைப் பிடித்தால் போதும். காற்றுத் தொல்லை இல்லை, அழுத்தும் ஆபத்து இல்லை, கட்டியைச் சுற்றிய விளிம்பு நாலாபுறமும் தெரியும். எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே ஒரு தையல் போட்டு, "இந்த இடத்தைப் பாருங்கள்" என்று பேத்தாலஜிக்கு அனுப்பிவிடலாம். இருபது துண்டு அனுப்பிக் குழம்புவதைவிட இது மேல். ஐந்து நிமிட வேலை. இதற்காக மட்டுமே இந்தக் கருவியை வைத்திருக்கலாம் என்று எங்கள் பேத்தாலஜி மேடம் சொல்கிறார். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: வெட்டியதும் திசு சுருங்கும், பதப்படுத்த ஃபார்மலினில் போட்டபின் இன்னும் சுருங்கும். வாயில் 6 என்று அளந்தது அறிக்கையில் 4 என்று வந்தால் யாரையும் கோபிக்கக் கூடாது.

கழுத்தில் கட்டி இருக்கிறது, மூலம் எங்கே என்று தெரியவில்லை என்ற வகை நோயாளிகளிடமும் முயன்றேன். ஹெச்பிவி வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோயில் இது அடிக்கடி நடக்கும். மூலக்கட்டி மிகச் சிறியதாக டான்சில் குழிக்குள்ளோ அடிநாக்கிலோ ஒளிந்திருக்கும். இரண்டு முறை கை கொடுத்தது, மூன்று முறை கை விட்டது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் தடித்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

சில்லறை எரிச்சல்கள்: கம்பி தேவைக்கு மேல் கனம், நுனியை இழுத்துக்கொண்டே இருக்கும். படத்தை நிறுத்தி வைக்கும் மிதி, கேட்டரி மிதிகளின் பக்கத்திலேயே வந்து விழுகிறது. ஒருமுறை தப்பாக மிதித்தேன், நல்லவேளை கேட்டரி நோயாளியைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. புரோப்பைச் சூடான நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட முடியாது, தாழ்ந்த வெப்பத்தில் செய்யும் கிருமி நீக்கத்துக்கு அனுப்ப வேண்டும். அதனால் ஒரே நாளில் இரண்டு கேஸ் இருந்தால் ஒருவருக்குத்தான் ஹாக்கி மட்டை. உறை லேடெக்ஸில் வந்தால் ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்கத் தவறக் கூடாது.

நோயாளிகளும் குடும்பத்தாரும் இதைப் படித்துவிட்டு, இந்தக் கருவி உள்ள இடமாகத் தேடிப் போக வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். இதை வைத்து அறுவை செய்தால் ஆயுள் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன். விளிம்பைப் பார்க்க ஒரு கூடுதல் கண், அவ்வளவுதான். மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கட்டியை எத்தனை முறை எடுத்திருக்கிறீர்கள், ஃப்ரோசன் வசதி இருக்கிறதா, ரத்தம் வந்தால் இரவில் யாரைக் கூப்பிடுவது. கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

மருத்துவர்களுக்கு: அடிநாக்குக் கட்டிகள் அதிகம் பார்க்கிறவர் என்றால் வாங்கலாம். இரண்டு புரோப்பாக வாங்குங்கள். டான்சில் மட்டும் பார்க்கிறவர், பக்கத்து ரேடியாலஜியிலிருந்து இரவல் வாங்கி ஒரு மாதம் பழகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் பத்து கேஸில் ரேடியாலஜிஸ்ட் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நான் நிறுத்தவில்லை, அதன் பலனை மேலே எழுதியிருக்கிறேன். உறை மாட்டுவதை மட்டும் இப்போது நான் தொடுவதில்லை. சிஸ்டர் மாட்டி, விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்து, "சரி டாக்டர்" என்ற பிறகுதான் கன்சோலில் போய் உட்காருகிறேன்.